நினைவிழக்க நாலு பேர் தேவை

"திருமதி ஜெமிமா கிங்ஸ்லி, அலுவலக உதவியாளர். இருக்குமிடம் தெரியாமல் பணியாற்றும் அமைதியின் வடிவம். பள்ளிக்கு வந்துபோன அத்தனை மாணவர்களின் பெயரையும் பெற்றோர் பெயரையும் நினைவில் வைத்திருக்கும் நடமாடும் பதிவேடு. இந்த அரிய வரத்துக்காக நாளும் இறைவனுக்கு நன்றி செலுத்துபவர்."

பாளையங்கோட்டையின் பழைய பள்ளிகளில் ஒன்று தன் ஆண்டு மலரில் படத்தோடு போட்ட குறிப்பு இது. எழுதியவர் தமிழாசிரியர். நல்ல மனுஷர். கண்ணால் கண்டதை எழுதுவதைவிடக் காதுக்கு இனிமையாக எழுதுவதுதான் மரியாதை என்று நம்புகிறவர். குறிப்பில் பெயரும் பதவியும் சரி.

அமைதியின் வடிவம் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. போனில் பேசினால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பாள். ஆலயத்தில் முழங்காலில் நின்றால் விரல்கள் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கால் பெருவிரல் தரையைச் சுரண்டும். "எலி வந்திருக்கோன்னு பாத்தேன்" என்பான் கணவன் கிங்ஸ்லி. வண்ணார்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மேலாளர். கல்யாணமாகி இருபது வருஷமாக இதே எலியை வைத்து ஓட்டுகிறான்.

நினைவாற்றல் உண்மைதான். ஆனால் அது வரம் என்று மலர்தான் சொன்னது. அவளுக்கு அது இரைச்சல். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால், சீட்டுக் கிழிக்கிற கண்டக்டரின் முகம் உடனே பேராக மாறும். பேர் தகப்பனார் பேரைக் கூட்டி வரும். தகப்பனார் பேர், மகன் தோற்றுப்போன வருஷம் அவர் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தலையில் துண்டைப் போட்டு நின்ற மழை நாளைக் கூட்டி வரும். இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் ஒரு குடும்பமே அவள் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்குப் போன். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டார், ஊர்க் கூட்டம் கூட்டுகிற பழைய மாணவர்கள், பழைய சண்டையைப் புதுப்பிக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அவள் எண் தெரியும். "அக்கா, அந்த டீச்சரம்மா மவன் பத்தாவது எத்தனை தடவ எழுதினான்?" தெரியும். தெரிந்ததைச் சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். தெரியாமல் இருப்பது ஒன்றுதான் வழி. அதற்கு அவளிடம் வசதி இல்லை.

அந்த வசதி ஒரு மே மாத விடுமுறையில் கிடைத்தது. சித்தி மகள் ரீபா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஆன்லைன்ல ஒரு விளையாட்டு. ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து உக்காரு."

விளையாட்டின் பெயர் ஆற்றங்கரை. காய் கிடையாது, சீட்டு கிடையாது, குரல் மட்டும். வெள்ளம் வடிந்த காலையில் நாலு பேர் படித்துறை மண்டபத்தில் கண் விழிக்கிறார்கள். ஒருவருக்கும் தான் யார் என்று நினைவில்லை. ஆளுக்கொரு பொருள் கையில் இருக்கிறது. அந்தப் பொருளே அவர் பேர். தன் கதையைத் தான் சொல்லக் கூடாது. மற்ற மூவர்தான் இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டும். கேட்பவர் மறுக்கவும் கூடாது. "இருக்கும். அப்புறம்?" என்ற ஒரே பதில்தான் அனுமதி. முடிவில், கிடைத்த கதையை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஆற்றில் விட்டுவிடலாம். நிஜப் பேர், ஊர், வேலை மூன்றையும் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. நாலு பேர் கட்டாயம். மூன்று பேர் சேர்ந்தால் அது வம்பு. நாலாவது ஆள் வந்தால்தான் கதை.

இந்த ஆட்டத்தில் ஒரு கூட்டுக்கு மேசை என்று பேர். ரீபாவின் மேசையில் ஒரு மலேசியக்காரரும் ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸும் இருந்தார்கள். ஜெமிமா கையில் சாவி. அவளை ஒரு படகோட்டி என்றார்கள், இரண்டு ஊரில் கடன் வாங்கி ஓடி வந்தவள் என்றார்கள். "இருக்கும். அப்புறம்?" என்றாள். அந்த ஒரு மணி நேரம், அவளுக்குத் தெரிந்த எதையும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. முடிந்ததும் பார்த்தாள், கால் விரல் அசையாமல் கிடந்தது.

சில வாரங்களில் மேசை கலைந்தது. ரீபாவுக்குக் குழந்தை பிறந்தது, நர்ஸுக்கு வேலை நேரம் மாறியது. விட்டுவிடலாம்தான். ஆனால் ஒருமுறை மின்விசிறி நின்ற அமைதியைக் கேட்டுவிட்டவளுக்கு மறுபடி அதன் சத்தத்தோடு படுக்க முடியவில்லை. தானே மேசை போடுவது என்று முடிவெடுத்தாள்.

இந்த விளையாட்டுகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. நடத்துகிறவள் ஹம்ஸினி, சென்னைக்காரி. வார்த்தையை எண்ணிப் பேசுகிறவள். "ஞாயிறு மதியம் மூணு மணி உங்களுக்கு, மேம். ரெண்டு வாட்டி கலைஞ்சா ஓகே. மூணாவது வாட்டியும் கலைஞ்சா அந்த நேரத்தைப் பேய் பங்களா டீமுக்குக் குடுத்துருவேன். அவங்க வெயிட்டிங்."

ஞாயிறு மூன்று மணியை விட்டால் ஜெமிமாவுக்கு வேறு நேரம் கிடையாது. ஆராதனை முடிந்து கறிக்குழம்பும் சாப்பிட்டு பாளையங்கோட்டை மொத்தமும் குப்புறப் படுக்கிற நேரம் அது. அப்போதுதான் போன் அடிக்காது.

ஆள் சேர்க்க எழுதினாள்: "நினைவிழக்க நாலு பேர் தேவை. என்னோடு சேர்த்து. ஞாயிறு மதியம் மூன்று மணி. பெயர், ஊர், வேலை சொல்லக் கூடாது." குழுவில் போட்டபோது பதில் வரவில்லை. அதனால் நெல்லைக்காரர்களின் முகநூல் பக்கத்தில் போட்டாள். அங்கே அறுபது பதில். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சரி, நீங்க எந்த ஊரு?" அவசரத்தில் தன் ஆலயச் சேகரத்துச் சபையாரின் வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டாள். அந்தக் குழுவில் எதைப் போட்டாலும் கைகூப்பிய படங்களும் "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்ற வரியும் வரும். தண்ணீர் லாரி வராது என்று போட்டாலும் வரும். இதற்கும் வந்தது. சாயங்காலம் பெண்கள் சங்கச் செயலாளர் பாக்கியவதி ஆப்பிள் பையோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"யாருக்கு ஜெமிமா? கிங்ஸ்லி தம்பிக்கா?"

"யாருக்கும் இல்லக்கா. அது விளையாட்டு."

"இதுல என்ன விளையாட்டு? நாலு பேருன்னு போட்டிருக்க. உன்னோட சேத்துன்னு வேற போட்டிருக்க."

கிங்ஸ்லி உள்ளேயிருந்து வந்தான். பாக்கியவதி அவன் பக்கம் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்கக் கேட்டார்: "தம்பி, நான் யாருன்னு தெரியுதா?"

கிங்ஸ்லி வெகு நேரம் உற்றுப் பார்த்தான். "பாத்த முகமாத்தான் இருக்கு" என்றான்.

பாக்கியவதி அங்கேயே முழங்காலிட்டார். ஜெபம் நீளமாக இருந்தது. கிங்ஸ்லி ஆப்பிளைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அந்த மட்டுக்கும் பக்தி.

முதல் மேசைக்கு இரண்டு பேர் தேறினார்கள், மூன்றாமவன் கடைசி நிமிஷத்தில் வரவில்லை. சரி, பழக்கமாகட்டும் என்று ஆரம்பித்தாள். ஒருவர் வயதானவர், புனேயில் மகன் வீட்டில் இருக்கிறவர், கையில் குடை. இன்னொருத்தி கையில் தவலை. "படித்துறையில் கண் விழிக்கிறீர்கள்" என்று ஜெமிமா தொடங்கினாள்.

"தவலையம்மா, உன் பேச்சு வள்ளியூர்ப் பக்கமான்னா இருக்கு?" என்றது குடை.

"ஊரு கேக்கக் கூடாது சார்" என்றாள் ஜெமிமா.

"கேக்கலையே, இருக்குன்னுதானே சொன்னேன்."

"வள்ளியூரேதான்!" என்றது தவலை. "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"மூணு வருஷம் அங்கே பேங்க்ல இருந்தேனே. தேரடிக்குப் பின்னாடி இன்பமணின்னு ஒருத்தர் காம்பவுண்டு..."

"எங்க அப்பால்லா அது! நீங்க பஞ்சாபகேசன் மாமாவா? மாமா, நான் கலைச்செல்வி! எங்க கிணத்துல உங்க மூக்குக் கண்ணாடியப் போட்டியளே!"

அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரமும் கிணற்றைச் சுற்றியே நடந்தது. கண்ணாடியை யார் எடுத்தது, எடுக்க இறங்கியவன் இப்போது எங்கே, கலைச்செல்வியின் அக்கா கல்யாணத்தில் சாம்பார் ஏன் தீய்ந்தது. ஜெமிமா மூன்று தடவை குறுக்கே புகுந்தாள். மூன்று தடவையும், "ஒரு நிமிஷம் சாவிம்மா" என்று ஒதுக்கி வைக்கப்பட்டாள். நாலு மணிக்கு இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விடைபெற்றார்கள். "அருமையான விளையாட்டு" என்றார் பஞ்சாபகேசன். "பழசெல்லாம் ஞாபகம் வந்துடுத்து. அடுத்த வாரமும் வரோம்."

ஹம்ஸினியின் கணக்கில் முதல் கலைவு.

இரண்டாவது மேசைக்கு ஜெமிமா சட்டத்தை இறுக்கினாள். ஊரைப் பற்றி வாய் திறந்தால் உடனே வெளியே. பஞ்சாபகேசனும் கலைச்செல்வியும் பள்ளிப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள். நாலாவதாக ஒரு வாலிபன் வந்தான், கையில் டார்ச். அவன் வந்ததும் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. குடைக்காரர் மழையையே பார்த்திராத ஊரில் குடைக்கடை வைத்தவர் என்றான். தவலைக்குள் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் ஒளிந்திருக்கிறார் என்றான். கலைச்செல்வி சிரித்துச் சிரித்து இருமினாள். ஜெமிமாவின் விரல் அசையவில்லை. முக்கால் மணி நேரம்.

அவனிடம் ஒரு பழக்கம். யோசிக்க வேண்டியிருந்தால், "அதாவது வந்து" என்று இழுத்து, மூச்சு வாங்கி, பிறகு சொல்வான். நாலாவது தடவை அவன் இழுத்தபோது ஜெமிமாவின் தலைக்குள் ஒரு கதவு படாரென்று திறந்தது. காலை மணி அடித்த பிறகு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே, வேர்த்த சட்டையோடு நின்று, பஸ் ஏன் தாமதம் என்று தினம் ஒரு காரணம் சொன்ன பையன்.

"லே, நீ வன்னியராஜ்லா!" என்றாள். "ராதாபுரம் பஸ்! தினமும் லேட்டா வருவியே! அப்பா சொகமா இருக்காவளா? நீ இப்ப என்ன செய்யுத?"

திரையில் டார்ச்சின் சின்ன வட்டம் இரண்டு விநாடி இருந்தது. பிறகு இல்லை.

"அக்கா" என்றாள் கலைச்செல்வி பைய. "சட்டம் போட்டது நீங்கதான?"

இப்ப என்ன செய்யுத என்ற கேள்வியை இந்தப் பக்கத்தில் எந்த வாலிபனிடமும் யாரும் ஆசையாகத்தான் கேட்பார்கள். அதைக் கேட்காத ஒரு மணி நேரத்தைத் தேடித்தான் அவன் வந்திருந்தான் என்பது, கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் அதையே தேடித்தான் மேசை போட்டிருந்தாள். எழுதிக் கேட்கலாம் என்று போய்ப் பார்த்தால் டார்ச்சின் கணக்கே அழிக்கப்பட்டிருந்தது.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. குளிர்சாதனப் பெட்டியைக் காலி பண்ணித் துடைத்தாள், மறுநாளும் துடைத்தாள். பள்ளிக்கு ஆட்டோவில் போகிறவள் நடந்தே போனாள், வழியில் ஏழெட்டு முகங்கள் பேராக மாறின. ஆள் கேட்டு மறுபடி போட்ட அறிவிப்பில் ஒரு ஜோசியரும் ஒரு ஞாபகசக்தி லேகியக்காரரும் மட்டும் விசாரித்திருந்தார்கள்.

"விட்டுரேன் ஜெமி" என்றான் கிங்ஸ்லி. "மறக்கணும்னா என் கூடக் கடைக்கு வா. நான் ஸ்டாக் எண்ணுத நேரத்துல பேசிக்கிட்டே இரு. நான் மறந்திருவேன்."

"உங்களுக்கு மறக்கதுக்கு ஏதாவது இருந்தால்லா?"

"அதான, இல்லாதவன் எங்க போவான்" என்று அவன் பேப்பரைத் திருப்பினான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே கேட்டான்: "அந்தப் பெரியவரும் வள்ளியூர்க்காரியும் கேள்வி கேட்டே தீருவாங்கன்னா, கேக்க விடேன். சட்டம் போட்டு ஊர்க்காரன் வாய அடைக்க முடியுமா?"

கடைக்காரனின் யோசனைதான். ஆனால் அவள் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். எந்த ஊரு, யாரு வீடு, அப்பா என்ன செய்யுதாவ என்று கேட்பதற்கு இவர்களைவிட்டால் உலகத்தில் ஆளில்லை. கேள்வியைத் தடுத்ததுதான் தப்பு. பதிலை மட்டும் வேறு ஆள் சொன்னால் போதும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புதுக் கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது: "ஆள் தேவையா? என் கையில் சீப்பு."

ஞாயிறு மூன்று மணிக்கு ஹம்ஸினியும் ஓசையில்லாமல் வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பேய் பங்களாக்காரர்கள் வாசலில் நிற்பதுபோல ஜெமிமாவுக்கு ஒரு தோற்றம். "இன்னைக்கு எது வேணும்னாலும் கேக்கலாம்" என்றாள். "ஊரு, வீடு, சாதகம், சம்பளம் எல்லாம். ஆனா யாரப் பத்திக் கேக்கியளோ அந்த ஆளு பதில் சொல்லப்படாது. மத்தவங்கதான் சொல்லணும்."

மறுமுனையில் பஞ்சாபகேசன் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "எதுவும் கேக்கலாமா?"

"எதுவும்."

"சீப்புத் தம்பி, கையில சீப்பு இருக்கே, தலையில முடி இருக்கா?"

"இருக்காது மாமா" என்று கலைச்செல்வி பாய்ந்தாள். "சீப்புக் கம்பெனி ஏஜெண்டு. ஊர் ஊராப் போவாரு. ஆளப் பாத்ததும் ஒருத்தரும் வாங்க மாட்டாவ."

"இருக்கும். அப்புறம்?" என்றது சீப்பு. குரல் கனமாக, துணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"எந்த ஊரு அவன்?" என்றது குடை.

"ஊரே கிடையாது சார்" என்றாள் ஜெமிமா. "பஸ்லயே பொறந்தாரு. கண்டக்டர்தான் பேரு வச்சாரு."

"டிக்கெட் எடுத்தாளா?"

"யாரு?"

"பெத்தவ!"

கலைச்செல்வி மறுபடி இருமத் தொடங்கினாள். கேள்விகள் மழைபோல விழுந்தன. சொந்தக் கேள்விகள்தான், கல்யாண வீட்டில் கேட்கிற அதே கேள்விகள். பதில் மட்டும் காற்றில் முளைத்தது. குடைக்கு மூன்று மனைவிகள் கிடைத்தார்கள். மூவரும் அவரைத் தெரியாது என்றார்கள். "இருக்கும், அப்புறம்?" என்று பஞ்சாபகேசன் உற்சாகமாகக் கேட்டார். தவலை வள்ளியூர்ச் சந்தையையே விலைக்கு வாங்கித் தொலைத்தவளானாள்.

சீப்பு முதல் மூச்சு விட்டபோதே ஜெமிமாவுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. எத்தனை துணி வைத்து மூடினாலும் மூச்சு மாறாது. பஸ்ஸில் பிறந்தவன் என்று அவள் வாய் சொன்னதும் அதனால்தான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீப்பு போகவில்லை.

"இப்ப சாவியம்மா கதை" என்றார் பஞ்சாபகேசன். "என்ன பண்ணிண்டிருந்தா இவ?"

சீப்புதான் பேசியது. "பள்ளிக்கூட வாசல்ல உக்காந்திருப்பாவ. லேட்டா வாரவன் பேரைக் கேட்டு எழுதணும், அதான் வேலை. ஆனா ஒரு பேரும் இவங்க மனசுல நிக்காது. தினமும் லேட்டா வார பையன் ஒருத்தன் உண்டு. அவனையும் தினமும் புதுசாத்தான் பாப்பாவ. நீ யாருப்பான்னு கேப்பாவ. அதாவது வந்து... அவனுக்கு அது பிடிக்கும். தினமும் ஒரு பேரு சொல்லுவான்."

ஜெமிமா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். "இருக்கும்" என்றாள். "அப்புறம்?"

சீப்பு அப்புறத்தைச் சொல்வதற்குள் பஞ்சாபகேசன் குறுக்கிட்டார். அவர் கெட்டவர் அல்ல. வள்ளியூரில் மூன்று வருஷம் ரொக்கப் பிரிவில் முகம் பார்த்தே பேர் சொன்ன வாய், சும்மா இருக்கவில்லை. "ஒரு நிமிஷம். இந்த 'அதாவது வந்து' நான் கேட்டிருக்கேனே. போன தடவை டார்ச்சோட வந்த பையன்தானே நீ? சாவிம்மா, உங்களுக்குத்தான் அவனை நன்னாத் தெரியுமே. இவன்தானே அவன்?"

சீப்பின் பக்கம் மூச்சு நின்றது. சட்டத்தைச் சொல்லி அவரை அடக்கினால் அதுவே ஆம் என்று ஆகிவிடும். பேசாமல் இருந்தாலும் ஆம்தான். அவன் பேர், தகப்பனார் பேர், சட்டையில் கிழிந்திருந்த பை, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை என்று எல்லாம் வரிசையாக வந்து ஜெமிமாவின் நாக்கு நுனியில் நின்றன. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாட்டுப் பாடிக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

"தெரியாது சார்" என்றாள். "இவரை நான் இதுக்கு முன்ன கேட்டதே இல்ல."

"அப்படியா? எனக்குத்தான் காது மந்தம்" என்றார் பஞ்சாபகேசன். "சரி சீப்பு, மேல சொல்லுடா. தினம் என்ன பேர் சொல்லுவான்?"

சீப்பு மூச்சு விட்டது. சொல்லத் தொடங்கியது.

ஜெமிமா அன்றைக்கு, நன்றாகத் தெரிந்த ஒரு ஆளைத் தெரியாது என்று சொன்னாள். நாலு பேரும் ஆட்டம் முடியும்வரை இருந்தார்கள்.